ஒரு புள்ளியினும் மெல்லியது

தணிகைவேலின் நினைவில் அந்தக் கம்பி ஒரு புள்ளியைவிட மெல்லியதாக இருந்தது. பிரிசில்லாவின் வேலையில் அதைவிடத் தொந்தரவான விஷயம் வேறு கிடையாது.

திரை என்பது புள்ளிகளால் ஆனது. கோடு தடிமனாக இருந்தால் புள்ளிகள் அதை ஏந்திக்கொள்ளும். மெலிந்துவிட்டால், இந்தப் புள்ளியில் உட்காருவதா அடுத்ததில் உட்காருவதா என்று கோட்டுக்கே தெரியாது. காட்சி கொஞ்சம் அசைந்தாலும் அது படிக்கட்டைப் போல உடையும். துண்டு துண்டாக மினுங்கும். எறும்பு ஊர்வதைப் போல நெளியும். தொலைக்காட்சி விளம்பரங்களுக்காக எழுத்துகளையும் கோடுகளையும் ஆட வைத்துக்கொண்டிருந்த காலத்தில், பிரிசில்லாவும் அவளோடு வேலை பார்த்தவர்களும் இதற்கெல்லாம் ஒரே சொல்லைத்தான் வைத்திருந்தார்கள். பிசிறு. வாடிக்கையாளர் கண்ணில் படுவதற்குள் பிசிறை எடுத்துவிட வேண்டும். கோட்டைக் கொஞ்சம் தடிமனாக்கலாம், ஓரத்தை லேசாக மங்கலாக்கலாம், ஒன்றும் முடியாவிட்டால் கோட்டையே தூக்கிவிடலாம்.

இப்போது அவள் தீர்ப்பாயத்தின் நினைவுக் காட்சிப் பிரிவில் இருந்தாள். சாட்சி சொல்ல வருபவர் தலையில் வலைத்தொப்பியை மாட்டிக்கொண்டு, நடந்ததைக் கண்ணை மூடி நினைப்பார். தொப்பியிலிருந்து வருவதைப் படம் என்று சொல்ல முடியாது. அது படத்தின் தூள். அந்தத் தூளை நீதிபதி பார்க்கும்படியான காட்சியாகக் கூட்டித் தருவது இவள் வேலை. கூட்டலாம், துடைக்கலாம். எதையும் சேர்க்கக் கூடாது.

தணிகைவேலின் தூளில் மழை இருந்தது. புளியந்தோப்பில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறிய ஒரு பகல். அவர் தலையில் துணிமூட்டையைச் சுமந்து முன்னால் நடக்கிறார். சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு மகள் ரோஷிணி வருகிறாள். கடைசியாக, மண்ணெண்ணெய் அடுப்பை இடுப்பில் வைத்துக்கொண்டு மனைவி செல்வராணி. தெருமுனையில் மின்சாரப் பெட்டியைத் தாண்டியதும் அவர் திரும்பி, "இந்தப் பக்கமா வா, அங்க சாக்கடை திறந்து கிடக்கு," என்கிறார். செல்வராணி இந்தப் பக்கமாக வருகிறாள். அவ்வளவுதான்.

விழுந்த செல்வராணியைத் தூக்க ஆட்கள் வருவதற்குள் அவள் உயிர் போயிருந்தது; மின்சாரமும் நின்றிருந்தது. தண்ணீரில் கம்பி எதுவும் இல்லை. நெய்தல் மின்விநியோக நிறுவனம், தங்கள் கம்பி எதுவும் அந்தத் தெருவில் அறுந்து விழவில்லை என்றது. செல்வராணிக்கு நெஞ்சு பலவீனமாக இருந்திருக்கலாம் என்றது. தண்ணீருக்குள் மின்சாரம் தாக்கினால் உடம்பில் தடம் இல்லாமலும் போகும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். கம்பி இருந்ததற்கு மிஞ்சிய ஒரே இடம் தணிகைவேலின் தலை. அங்கே, அவர் திரும்பும்போது, பார்வையின் ஓரத்தில், தண்ணீர்மேல் ஒரு கறுப்புக் கோடு மினுங்கி மினுங்கி மறைந்தது.

"என்ன பிரிசி, காலைலேர்ந்து ஒரே கோட்டை முறைச்சுட்டு இருக்க. பொண்ணு பாக்க வந்தவனைக்கூட நீ இப்படிப் பாத்திருக்க மாட்ட," என்றார் ஹபீபுல்லா. பிரிவின் மூத்தவர். நாற்காலியைச் சக்கரத்தோடு உருட்டியபடியே வந்து அவள் திரைக்குள் எட்டிப் பார்ப்பது அவர் வழக்கம்.

"அவன் இவ்வளவு நெளியல பாய்."

"நெளிஞ்சிருந்தா கட்டியிருப்பியா? சரி, மங்கலாக்கிப் பாத்தியா?"

"பாத்தேன். லேசா மங்கலாக்கினாலே தண்ணியோட தண்ணியா போயிடுது."

"தடிமன் ஏத்து."

"ஏத்தினா பளிச்சுனு தெரியுது. ஆனா எவ்வளவு ஏத்தணும்னு நான்ல முடிவு பண்றேன். அப்புறம் அது அவர் பாத்த கம்பி இல்ல, நான் வரைஞ்ச கம்பி."

"அதத்தான் சொல்ல வந்தேன். கையை எடு." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "விதி தெரியும்ல? குறைஞ்சது ஒரு புள்ளித் தடிமன், நடுவுல அறுபடாம தெரியணும். அப்பதான் அது பொருள். இல்லைன்னா இரைச்சல். இரைச்சலை நாம துடைக்கணும்."

"இது இரைச்சல் இல்ல பாய். இரைச்சல் எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி இருக்கும். இது மட்டும் அலையோட சேர்ந்து ஏறி இறங்குது பாருங்க. விட்டு விட்டுத் தெரிஞ்சாலும் எல்லாத் துண்டும் ஒரே கோட்டுல கிடக்கு."

அவர் பார்த்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இன்னும் கிட்டே வந்து பார்த்தார்.

"அப்ப என்ன சொல்ற?"

"கம்பி அங்க இருந்துச்சு. அவர் கண்ணுல பட்டிருக்கு. ஆனா அவர் அதைப் பாக்கல."

"கண்ணுல படறதுக்கும் பாக்குறதுக்கும் நடுவுல ஒரு ஜட்ஜ் எங்கம்மா போய் உக்காருவாரு?"

அவர் சொன்னபடியே ஆனது. முதல் விசாரணையில் அந்தக் கோடு நீதிபதியின் பெரிய திரையில் நெளிந்தபோது, நிறுவனத்தின் வழக்கறிஞர் எழுந்து, என் கண்ணிலும் இப்படிப் பூச்சிகள் பறப்பதுண்டு என்றார். அறையில் சிலர் சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. பிசிறு இல்லாத காட்சி வேண்டும், சாட்சி மறுபடியும் நினைத்துத் தரட்டும் என்றார்.

மறுபதிவுக்குத் தேதி கிடைப்பதற்குள் அடுத்த மழைக்காலம் வந்துவிட்டது. தணிகைவேல் வேலையிலிருந்து நேராக வந்திருந்தார். அவர் ஒரு லேத் பட்டறையில் இருந்தார். எவ்வளவு கழுவினாலும் விரல் இடுக்கில் இரும்புத்தூள் போகாது என்று தொப்பி மாட்டும்போது அவராகவே சொல்லி, கையை மடியில் மறைத்துக்கொண்டார். கண்ணை மூடியதும் அவர் முகம் மாறவேயில்லை. இதைத் தினமும் செய்கிறவரின் முகம்போல இருந்தது.

இந்த முறை பிரிசில்லாவுக்கு வேலையே இருக்கவில்லை. கம்பி தானாக வந்து விழுந்தது. மின்சாரப் பெட்டியிலிருந்து தண்ணீருக்குள் இறங்கி, வளைந்து, மனைவி கால் வைக்கப்போகும் இடம் வரைக்கும், கறுப்பாக, மழமழவென்று.

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார் ஹபீபுல்லா. "உனக்கு மிச்சமே வைக்கல பாரு அந்த மனுஷன்."

அவள் காட்சியைப் பெரிதாக்கினாள். மழை பிசிறாக இருந்தது. செல்வராணியின் முகம் பிசிறாக இருந்தது; பாதி முகம் உருகிவிட்டிருந்தது. அடுப்பு, சுவர், மிதந்துவந்த ஒற்றைச் செருப்பு எல்லாமே உடைந்தும் நடுங்கியும்தான் இருந்தன. கம்பி மட்டும் நடுங்கவில்லை. தண்ணீர் ஏறி இறங்கியபோதும் அது ஏறி இறங்கவில்லை. அவள் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமான கோடுகளை நிறையப் பார்த்திருக்கிறாள். எல்லாமே அவளோ அவளைப் போன்றவர்களோ வரைந்தவை.

"பாய், இது அவர் பாத்தது இல்ல."

"உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும்," என்றார் அவர். திரையைப் பார்க்காமலேயே சொன்னார். "ஒரு வருஷமா அந்த ஆள் ராத்திரி பகலா அந்த இடத்தையே பாத்துட்டு இருந்திருக்காரு. பாத்துப் பாத்துக் கோடு தடிச்சுப்போச்சு. ஆனா நீ எதையும் சேர்க்கல, நானும் சேர்க்கல. நம்மகிட்ட கேக்கற கேள்வி அது ஒண்ணுதான்."

அன்று மதியம் தீர்ப்பாயத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் தணிகைவேல் நின்றுகொண்டிருப்பதைப் பார்த்து அவள் சாலையைக் கடந்தாள். சாட்சியோடு தனியாகப் பேசுவது விதிக்கு முரண். கடக்கும்போது அது நினைவுக்கு வந்தது, இருந்தாலும் கடந்தாள்.

"நல்லா வந்துச்சாம்மா?" என்றார் அவர்.

"வந்துச்சுண்ணா. கம்பி நல்லா தெரியுது."

"அப்போ நான் பாத்திருக்கேன்." அவர் டீயைக் குடிக்காமல் டம்ளருக்குள்ளேயே பார்த்தார். "பாத்துட்டுதான் அவளை இந்தாண்ட கூப்ட்டிருக்கேன். எனக்கும் அப்படித்தான் தோணிச்சு. மொதல்ல தோணல. இப்ப கண்ணை மூடினாலே அதான் நிக்குது."

"இல்லண்ணா, அதைச் சொல்லத்தான் வந்தேன். மொதல் பதிவுல கோடு அறுந்து அறுந்துதான் இருந்துச்சு. பிசிறா."

"பிசிறுன்னா, நாங்க எடுப்போமே, அந்தப் பிசிறா? இரும்பு அறுத்தா ஓரத்துல நிக்குமே."

"அதே மாதிரிதான். நிஜமா கண்ணுல விழுந்தது எல்லாம் பிசிறோடதான் இருக்கும். இந்தத் தடவை ஒரு பிசிறு இல்ல. நீங்க திரும்பத் திரும்ப நினைச்சு..."

"அரம் போட்டுத் தேச்சுட்டேன்னு சொல்ற."

அவள் தலையாட்டினாள். மழை மறுபடியும் தூறத் தொடங்கியது. கடைக்காரர் தார்ப்பாயை இழுத்துவிட்டார்.

"அப்ப நான் பாக்கல," என்றார் தணிகைவேல். குரலில் எந்த நிம்மதியும் இல்லை. ஒரு அளவைச் சரிபார்ப்பவரைப் போலக் கேட்டார்.

"பாக்கல. கம்பி இருந்துச்சு. ஆனா நீங்க அதைப் பாக்கல. அதை நான் எங்க வேணும்னாலும் வந்து சொல்வேன்."

"சொன்னா?"

அவள் தார்ப்பாயிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பார்த்தாள்.

"சொல்லும்மா."

"ரெண்டாவது பதிவைத் தள்ளிடுவாங்க. மொதல் பதிவை ஏற்கெனவே இரைச்சல்னு சொல்லிட்டாங்க."

"அப்போ கம்பியே இல்ல. அவளா செத்தா." அவர் டம்ளரை வைத்தார். "நெஞ்சு பலவீனமானவளாம். இன்னா தெரியும் இவனுங்களுக்கு? ரெண்டு கொடம் தண்ணிய மூணு மாடி ஒரே மூச்சுல தூக்கினு வருவா. நடுவுல நின்னு மேல் வீட்டுக்காரிகூட சண்டை வேற போடுவா. நான் வெறுங்கையோட ஏறினாலே மூச்சு வாங்கும், என்னைப் பாத்துச் சிரிப்பா." அவரே லேசாகச் சிரித்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கம்பி இருக்கட்டும்மா. பழி என் மேல வந்தா வந்துட்டுப் போவுது. அவ மேல வேணாம்."

"அண்ணா, அதைத் திரையில போட்டாங்கன்னா அப்புறம் உங்களால அதை அழிக்கவே முடியாது."

"இப்ப மட்டும் அழியுதா?" என்றார் அவர். "பாப்பா மட்டும் உள்ள வராம பாத்துக்கறேன்."

ஆனால் ரோஷிணி வந்திருந்தாள். விசாரணை அன்று பள்ளிச் சீருடையோடு, அத்தையின் பக்கத்தில், கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். தணிகைவேல் முன்வரிசையில் இருந்ததால் பார்க்கவில்லை. ஓரமாக நின்ற பிரிசில்லா பார்த்தாள். எழுந்து போய் ஏதாவது சொல்லலாமா என்று யோசிப்பதற்குள் விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.

கம்பி பெரிய திரையில் இன்னும் அழகாக இருந்தது. யாரும் பூச்சி என்று சொல்லவில்லை. நிறுவனத்தின் வழக்கறிஞர் அதை நிறுத்தி வைக்கச் சொன்னார். நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, குரலை உயர்த்தாமல் கேட்டார்.

"இவ்வளவு தெளிவா தெரியுதே. நீங்க இதைப் பாத்தீங்களா?"

"பாத்தேன்," என்றார் தணிகைவேல்.

"பாத்த பிறகும் உங்க மனைவியை அந்தப் பக்கம் கூப்பிட்டீங்க."

"கூப்ட்டேன்."

காட்சியில் எதையாவது சேர்த்தாயா என்று பிரிசில்லாவைக் கேட்டார்கள். இல்லை என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை. தீர்ப்பில், கம்பி தண்ணீரில் இருந்தது என்றும், அது நிறுவனத்தின் கம்பி என்றும் சொல்லப்பட்டது. அடுத்த வாக்கியத்தில், கண்ணெதிரே கிடந்த ஆபத்தை நோக்கி மனைவியை அழைத்த கணவருக்கும் இந்த மரணத்தில் பங்குண்டு என்று சொல்லப்பட்டது. தணிகைவேல் இரண்டு வாக்கியங்களுக்கும் ஒரே மாதிரி தலையசைத்தார். வெளியே வந்தபோதுதான் அவர் மகளைக் கண்டார். அவள் அவரைக் கடந்து, அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, வேகமாகப் படியிறங்கிப் போனாள்.

நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போனது. பார்த்தவர் அழைத்திருக்கிறார் என்றால் முழுப்பங்கும் அழைத்தவருடையதுதான் என்பது அவர்கள் வாதம். அதற்கான விசாரணை தொடங்கிய வாரத்தில் ரோஷிணி தன் நினைவைத் தர வந்தாள். தணிகைவேல்தான் கையெழுத்துப் போட்டு அழைத்துவந்தார்.

"அதுவா கேட்டுச்சு," என்று அவர் பிரிசில்லாவிடம் மெல்லச் சொன்னார். "ரொம்ப நாளா என்கூட சரியா பேசல. திடீர்னு, அன்னைக்கு நீங்க எங்களைப் பத்திரமாத்தான் கூட்டினு போனீங்க, அதைக் காட்டணும்ப்பான்னுச்சு. வக்கீலும் நல்லதுன்னாரு. என் சட்டையைப் பிடிச்சுனு வந்ததுதான், அதுக்கு வேற இன்னா தெரியப் போவுது?"

அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு பிரிசில்லா பதிவு எடுத்தாள். தூள் விழ விழக் காட்சி கூடியது. ரோஷிணியின் உயரத்திலிருந்து தெருவே தெரியவில்லை. திரை முழுக்க ஈரமான நீலச் சட்டை. முதுகோடு ஒட்டிய துணி, அதைப் பிடித்திருக்கும் சின்ன விரல்கள், நனைந்த தையல். எல்லாம் பிசிறு. எல்லாம் நடுங்கியது. மழைச் சத்தத்துக்கு நடுவே அப்பாவின் குரல்.

அந்தச் சட்டையின் மேலே கம்பி கிடந்தது.

பிரிசில்லா முதலில் அதைச் சட்டையின் மடிப்பு என்றுதான் நினைத்தாள். பெரிதாக்கிப் பார்த்ததும் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டாள். மின்சாரப் பெட்டியிலிருந்து இறங்கும் அதே வளைவு. பெரியவர் ஒருவரின் கண் உயரத்திலிருந்து பார்த்தால் மட்டுமே தெரியக்கூடிய அதே சாய்வு. சட்டைக்குப் பின்னால் மறைந்திருக்க வேண்டிய கோடு, அடுக்கு மாற்றி வைத்த படம்போல, சட்டைக்கு முன்னால் மிதந்தது. அது தண்ணீரில் கிடந்த கம்பியின் நினைவு இல்லை. நீதிபதியின் திரையில் இருந்த கம்பியின் நினைவு.

ஒரு புள்ளிக்கு மேல் தடிமன். அறுபடவும் இல்லை. விதிப்படி அது ஒரு பொருள்.

"தெரியுதாக்கா?" ரோஷிணி தொப்பியைத் தானே கழற்றிவிட்டு எழுந்து வந்தாள். திரையைப் பார்த்ததும் அவள் முகத்தில், பரீட்சையில் சரியான விடை எழுதிவிட்டவளின் களை வந்தது. "பாருங்கக்கா. அப்பா திரும்பினாங்க, அவங்களுக்கு மழையில தெரிஞ்சிருக்காது. நான்தான் பாத்தேன். பாத்துட்டு சொல்லல. இதைப் போட்டுக் காட்டினா அப்பா மேல சொன்னதை எடுத்துடுவாங்கல்ல?"

"ரோஷிணி, இது உன்னோடது இல்லம்மா. அன்னைக்குக் கோர்ட்ல பாத்தல்ல, அதுதான் இதுல வந்து ஒட்டிக்கிச்சு. பாரு, சட்டைக்கு மேல இருக்கு. எப்படி சட்டைக்கு மேல வரும்?"

"எனக்குத் தெரியாதா நான் பாத்தது?" சிறுமியின் குரல் கெஞ்சலாகிவிட்டது. "தினமும் தெரியுதுக்கா. சாப்பிடும்போதுகூட."

பிரிசில்லாவால் அவளோடு அந்த அறையில் இருக்க முடியவில்லை. கதவைத் திறந்தாள். தாழ்வார பெஞ்சிலிருந்து தணிகைவேல் எழுந்தார்.

"பாப்பா இன்னா பாத்துச்சு?"

"உங்க சட்டையைத்தாண்ணா. வேற ஒண்ணும் இல்ல."

"பொய் சொல்றாங்கப்பா." ரோஷிணி அவள் பின்னாலேயே வந்திருந்தாள். "கம்பியை நான் பாத்தேன். அம்மாகிட்ட சொல்லியிருக்கணும், சொல்லல. நீங்க ஒண்ணும் பண்ணல."

தணிகைவேல் மகளைப் பார்த்தார். பிறகு பிரிசில்லாவைப் பார்த்தார். அவளால் அவர் பார்வையைத் தாங்க முடியவில்லை. அதுவே அவருக்குப் போதுமான பதிலாக இருந்தது. அவர் மெதுவாகக் குனிந்து, மகளின் தோளைத் தொடப் போய், விரலில் இருந்த இரும்புத்தூளைப் பார்த்துக் கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டார்.

"எப்படி இருந்துச்சுடா அது? விட்டு விட்டுத் தெரிஞ்சுச்சா?"

"இல்லப்பா. நல்லா, கறுப்பா, மழமழன்னு."

"அப்ப நீ பாக்கல கண்ணு. நிஜமா பாத்தா அப்படி இருக்காது. பிசிறு இருக்கும். அது மனசுல நாமளா பண்ணிக்கிறது. இந்த அக்காவைக் கேளு."

ரோஷிணி யாரையும் கேட்கவில்லை. அவள் கெட்டிக்காரி, கொஞ்ச நேரம்தான் எடுத்துக்கொண்டாள்.

"உங்களுதும் அப்படித்தான் இருந்துச்சு. பெரிய டிவில பாத்தேன். மழமழன்னு."

தாழ்வாரத்தில் யாரோ கோப்புகளைத் தள்ளுவண்டியில் தள்ளிக்கொண்டு போனார்கள். வண்டி திருப்பத்தில் மறைகிற வரைக்கும் தணிகைவேல் அதையே பார்த்தார். என்ன சொன்னால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். டீக்கடையில் பிரிசில்லாவே சொல்லியிருந்தாள்.

"ஆமாம்மா," என்றார். "நானும் பாக்கல."

"அப்ப ஏன் கோர்ட்ல பாத்தேன்னு சொன்னீங்க?"

"பொய் சொன்னேன். யாருமே பாக்கல கண்ணு. நீயும் பாக்கல, நானும் பாக்கல. நம்ம ரெண்டு பேருக்கும் தெரியாமத்தான் அது கிடந்துச்சு."

ரோஷிணி அழத் தொடங்கினாள். அழுகை எங்கிருந்து வருகிறது என்று அவளுக்கே தெரியாததுபோல முதலில் சத்தமே இல்லாமல் அழுதாள். அவர் அவளைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு நிமிர்ந்தார். ஒரு பகலில் பத்து வயது கூடிப்போனவரைப்போல இருந்தார்.

"பாப்பாவோடதை அழிச்சுடும்மா."

"அழிக்க முடியாதுண்ணா. ஆனா சின்னப் பொண்ணு, பதிவைத் திரும்ப வாங்கிக்கிறோம்னு நீங்க சொன்னா மூடி வெச்சுடுவாங்க. உங்களோடதுதான்... நீங்க சொன்னதை மாத்தணும்னா அதை முறையா சொல்லணும்."

"அதான். இதை எங்க போய் சொல்லணும்?"

"யோசிச்சுக்கங்க. அதுக்கப்புறம் செல்வராணி அக்கா பேருல..." அவளால் முடிக்க முடியவில்லை. நெஞ்சு பலவீனமானவள் என்றுதான் இனி எழுதப்படும்.

"தெரியும்மா. அவ என்னைத் திட்டுவா. திட்டட்டும்." அவர் அழும் மகளை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "எங்க?"

பிரிசில்லா தாழ்வாரத்தின் கடைசியில் இருந்த அறையைக் காட்டினாள். அவர் இரண்டடி நடந்ததும் அவள் கூப்பிட்டாள்.

"அண்ணா, அந்த மொதல் பதிவு என்கிட்ட அப்படியேதான் இருக்கு. விட்டு விட்டுத் தெரியறது. அதை நான் துடைக்கல."

அவர் நின்றார்.

"அதை யாரும்மா பாக்கப் போறாங்க," என்று சொல்லிவிட்டு அவர் கதவைத் தட்டினார்.